லாட்ஜ் சுவரில் நின்ற ஜப்பான் கார்கள்

பழைய பொம்மைக் கார் சேர்க்கிற தொழிலில் சம்பளம் கிடையாது, பென்ஷன் கிடையாது, ஒரு நாள் லீவும் கிடையாது. நீங்களும் தபால்தலையோ, தீப்பெட்டிப் படமோ, பழைய காசோ சேர்க்கிறவராக இருந்தால் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள். நம் கூட்டத்துக்கு இரண்டு சங்கடங்கள் பொது. தேடுவது கிடைக்காது. கிடைத்துவிட்டால் வைக்க இடம் இருக்காது.

என் பிழைப்பு திருவனந்தபுரத்துத் தம்பானூரில், ஏலியம்மா டூரிஸ்ட் ஹோம் என்ற லாட்ஜில் மானேஜர் வேலை. அறுபதுகளின் கடைசியில் சேர்ந்தேன். முதலாளி வர்க்கி, கோட்டயம் பக்கத்துக்காரர். ஏலியம்மா அவருடைய காலஞ்சென்ற தாயார், அவர் வாயில் 'அம்மச்சி'. நான் ஸ்ரீவராகத்து அக்ரஹாரத் தமிழன். அதனால் முதலாளி முதல் ரூம் பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் நான் 'சாமி'தான். வீட்டிலோ கூட்டுக் குடும்பம். கூடத்தில் எந்நேரமும் அண்ணன் தம்பிகளின் பிள்ளைகள் உருண்டுகொண்டிருக்கும். அங்கே ஒரு காரை வைத்தால் மறுநாள் சக்கரம் கிணற்றடியிலும் கதவு அரிசிப் பானையிலும் கிடைக்கும். ஆகவே லாட்ஜ் வரவேற்பறையில் என் மேஜைக்குப் பின்னால் இருந்த சுவரில், சொந்தச் செலவில் ஒரு கண்ணாடி அலமாரி அடித்து மாட்டி, என் வண்டிகளை அதில் நிறுத்தினேன்.

அலமாரி என்னுடையது, சுவர் முதலாளியுடையது. உள்ளே நுழைகிறவர் கண் முதலில் விழுகிற சுவர் அது. முதலாளி ஒரு வருஷம் அங்கே பெரிய கடிகாரம் மாட்ட வேண்டும் என்பார், இன்னொரு வருஷம் குளிர்பானப் பெட்டி வைக்க வேண்டும் என்பார். அந்தச் சுவர் போய்விட்டால் என் கார்களுக்கு இந்த ஊரில் வேறு நிழல் கிடையாது. கீழே சொல்லப்போகிற சம்பவங்கள் நடந்த காலம் முழுவதும் அந்தப் பயம் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. அலமாரியைப் பார்த்து நெஞ்சு நிமிர்த்திக்கொள்வதும் கூடவே இருந்தது. அதை மறைப்பானேன்? திருவனந்தபுரத்தில் வேறு யாரிடமும் அப்படி ஓர் அலமாரி இருந்ததில்லை.

கப்பல்காரர் விட்டுப்போன வண்டி

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கப்பலில் எஞ்சின் வேலை பார்க்கிற ஒருவர் வந்து தங்கினார். அவர் அறையைக் காலி செய்த பிறகு கட்டிலுக்கு அடியில் ஒரு கார் கிடந்தது. உள்ளங்கை நீளம். இளம்பச்சை நிறம், கிரவுன் என்கிற பெரிய காரின் அச்சு. கையில் எடுத்தேன், என்ன கனம்! அதுவரை எனக்குத் தெரிந்த பொம்மைக் கார் எல்லாம் தகரத்தை வளைத்துச் செய்தது, அழுத்தினால் நசுங்கும். இது துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் வார்த்தது. டை-காஸ்ட் என்கிறார்களே, அது. ரப்பர் டயர், உள்ளே சின்ன ஸ்டியரிங், அடித்தகட்டில் ஜப்பான் என்று பொறித்திருந்தது. சுண்டுவிரலால் தள்ளினால் மேஜை மேல் சத்தமில்லாமல் போயிற்று. அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பைத்தியம்.

விருந்தாளி மறந்துவிட்டுப் போன பொருளை அவர் திரும்பி வரும்வரை பாதுகாப்பது லாட்ஜ் தர்மம். நான் அந்தத் தர்மத்தைக் கொஞ்சம் அதிகமாகவே காத்தேன். காலையில் பழைய வேட்டித் துணியால் துடைப்பேன். மழைக்காலத்தில் டயர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அடியில் பவுடர் தூவுவேன். மறுவருஷம் அந்தக் கப்பல்காரர் வந்தபோது, கொடுக்க மனமில்லாமல், ஆனாலும் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாம் விட்டுப்போனபோது இருந்ததைவிட அது பளபளப்பாக இருக்கிறது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. என் மேஜைமேல் அதை வைத்துவிட்டுச் சொன்னார்:

"இத்ர காலம் பார்த்து நோக்கியது சாமி. பின்னே இது ஆருடெ வண்டி?"

இரண்டு உள்ளங்கைகள்

பிறகு வளைகுடா காலம் பிறந்தது. விமானம் பிடிக்கப் போகிறவர்களும் இறங்கி வருகிறவர்களும் தம்பானூர் லாட்ஜுகளில் ஒரு ராத்திரி தங்காமல் போகமாட்டார்கள். நான் அவர்களிடம் செண்டு கேட்கவில்லை, டேப் ரிக்கார்டர் கேட்கவில்லை. "அறுபதுகளில் செய்த ஜப்பான் கார் பொம்மை, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, பழையதாகத்தான் வேண்டும்" என்பேன். ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஆனாலும் கொண்டுவந்தார்கள். புதிதாக வருகிற குட்டிக் கார்கள் வேகமாக உருளும், ஆனால் கையில் வைத்தால் ஒரு மரியாதை இருக்காது. எனக்கு வேண்டியது பழைய ஆட்களைப் போல கனமாக நிற்கிற வண்டி.

பரவூர் ராஜப்பன் வளைகுடாவில் கிரேன் ஓட்டுகிறவர், எங்கள் நிரந்தர விருந்தாளி. பழஞ்சாமான் சந்தையில் செட்ரிக் என்கிற ஜப்பான் கார் ஒன்று கிடைத்து, எனக்காகப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். சுங்கத்தில் அது மாட்டிக்கொண்டது. இத்தனை சிறிய பொம்மைக்கு இத்தனை கனம் என்றால் உள்ளே தங்கம் இருக்கும் என்று அதிகாரிக்குச் சந்தேகம். அந்தக் காலத்தில் அப்படிச் சந்தேகப்படாத அதிகாரிதான் தப்பு. அடித்தகட்டின் ஆணியைத் துளைத்துத் திறந்து பார்த்துவிடலாம் என்று அவர் சொல்ல, ராஜப்பன் ஓர் ஆட்டோக்காரரிடம் எனக்குச் சொல்லி அனுப்பினார். ஆணியைத் துளைத்த வண்டி எங்கள் கணக்கில் செத்த வண்டி.

என்னிடம் அப்படிச் செத்த வண்டி ஒன்று இருந்தது. அடித்தகடு பெயர்ந்து ஒரு பக்கம் தொங்க, வயிறு திறந்து கிடக்கிற ஒரு செட்ரிக். அதை எடுத்துக்கொண்டு அதே ஆட்டோவில் விமான நிலையத்துக்கு ஓடினேன். அதிகாரி வெளியே வந்தார். அவருடைய ஒரு கையில் ராஜப்பனின் காரையும் மறு கையில் என் உடைந்த காரையும் வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு உள்ளங்கைகளையும் ஏற்றி இறக்கி நிறுத்துப் பார்த்தார். கனம் ஒன்றுதான். உடைந்ததன் உள்ளே வெறும் சீட்டும் ஸ்டியரிங்கும்தான். முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது என் குடுமியை, வேட்டியை, கையிலிருந்த காரை ஒன்றும் புரியாமல் வரிசையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கள்ளக்கடத்தா இருந்தா எனக்கு மனஸ்ஸிலாகும் சாமி. இதுதான் மனஸ்ஸிலாகல்லே."

ஷம்சு கண்டுபிடித்த குற்றம்

ஷம்சு வளைகுடாவில் டாக்ஸி ஓட்டுகிறவன். முதல் தடவை எங்கள் லாட்ஜுக்கு வந்தபோது அலமாரியைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே போட்டுவிட்டான். "என்டே வண்டி!" என்று கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டான். அவன் ஓட்டுவது கொரோனா. நான் பெருமையோடு கொரோனாவை வெளியே எடுத்து அவன் கையில் கொடுத்தேன். முன்னால் பார்த்தான், பின்னால் பார்த்தான், ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தான். முகம் மாறிவிட்டது. "இது டூப்ளிக்கேட் ஆணு சாமி. ஆரோ பற்றிச்சு" என்றான். யாரோ என்னை ஏமாற்றிவிட்டார்களாம். காரணம், ஸ்டியரிங் வலது பக்கம் இருந்தது, அவன் அங்கே ஓட்டுகிற வண்டியில் இடது பக்கம். ஆறு வருஷம் ஓட்டுகிற வண்டியின் ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியாதா?

வரவேற்பறையில் கூட்டம் கூடிவிட்டது. அன்று தங்கியிருந்தவர்களில் பாதிப்பேர் அங்கே வண்டி ஓட்டுகிறவர்கள். எல்லோரும் ஷம்சு பக்கம். சாமி பாவம், கடைக்காரன் தலையில் கட்டிவிட்டான் என்று அனுதாபம் வேறு. அந்த நேரம் பார்த்து முதலாளியும் உள்ளே வந்து, "டூப்ளிக்கேட்டுக்கா என்டே சுவரு?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அலமாரியைத் திறந்து எல்லா வண்டியையும் மேஜை மேல் வரிசையாக நிறுத்தினேன். கிரவுன், செட்ரிக், கொரோனா, எதை எடுத்தாலும் ஸ்டியரிங் வலது பக்கம். "ஜப்பான்காரனும் நம்மைப் போலச் சாலையின் இடது பக்கம் போகிறவன். அவன் ஊரில் ஓடுகிற வண்டிக்கு ஸ்டியரிங் வலது பக்கம்தான். சாலையின் வலது பக்கம் போகிற அரபு நாட்டுக்கு அனுப்புகிற வண்டிக்கு மட்டும் மாற்றி வைத்து அனுப்புகிறான். பொம்மை செய்தவன் தன் தெருவில் போகிற வண்டியைப் பார்த்துச் செய்தான்" என்று மூச்சு விடாமல் சொன்னேன். ஷம்சு கொரோனாவைத் திருப்பி ஸ்டியரிங்கை இன்னொரு தடவை பார்த்தான். அப்புறம் மெதுவாகக் கேட்டான்:

"அப்போ இத்ர வருஷம் ஞான் ஓட்டினதா டூப்ளிக்கேட்?"

சரசம்மா வீட்டு ஷோகேஸ்

நம் தொழிலில் சந்தைக்கு வருகிற பொருளை வாங்குவது சுலபம். ஷோகேஸில் உட்கார்ந்துவிட்ட பொருளை எழுப்புவதுதான் பிரம்ம வித்தை. ஆற்றிங்கல் பக்கம் ஒரு வீட்டு ஷோகேஸில் பழைய பப்ளிகா ஒன்று இருக்கிறது என்று ராஜப்பன் சொன்னார். ரொம்பச் சின்ன வண்டி, அதன் முகமே ஒரு குழந்தை முகம். எனக்கு ராத்திரித் தூக்கம் போயிற்று. அந்த வீட்டு அம்மாள் பெயர் சரசம்மா. கணவர் வெளிநாட்டில். நான் தனியாகப் போனால் மரியாதையாக இருக்காது என்று என் மனைவி லலிதாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சரசம்மா காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார். கணவர் லீவில் வந்ததும் முதலில் பார்ப்பது ஷோகேஸைத்தானாம். அங்கே ஒரு காலியிடம் இருந்தால் என்ன நினைப்பார்? அந்த இடத்துக்குப் பொருத்தமாக வேறு ஏதாவது கொடுத்தால் யோசிக்கலாம் என்றார். அடுத்த தடவை விளக்கு எரிகிற தாஜ்மகால் கொண்டுபோனேன். அதை வைத்து, தள்ளி நின்று பார்த்து, வேண்டாம் என்றார். பிறகு நாட்டியமாடும் பொம்மை, சந்தன யானை. எதுவும் அவர் மனசுக்குப் பிடிக்கவில்லை. நகைக் கடையில் பெண்கள் பார்க்கிறார்களே, அந்தப் பார்வை.

கடைசியில் லலிதாதான் வழி கண்டுபிடித்தாள். சொல்லாமல் கொள்ளாமல் தன் கொலுப் பெட்டியிலிருந்து செட்டியார் பொம்மையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். கடை விரித்துச் செட்டியாரும் செட்டிச்சியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்களே, அந்த ஜோடி. அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. சரசம்மா அதை ஷோகேஸில் வைத்தார். இந்தத் தடவை தள்ளி நின்று பார்க்கவில்லை, கிட்டவே நின்று பார்த்தார். பிறகு பப்ளிகாவை எடுத்து, முந்தானையால் துடைத்து, என்னிடம் கொடுக்காமல் லலிதா கையில் கொடுத்தார்:

"இதில் ரெண்டு பேரும் ஒண்ணிச்சு இருக்காங்கல்லோ சேச்சி. எனக்கு இது மதி, வேறொன்னும் வேண்டா, கார் நீங்க கொண்டு போய்க்கோங்கோ."

சுகுமாரனின் ஓணப் பரிசு

சுகுமாரன் எங்கள் லாட்ஜில் ரூம் பார்த்துக்கொள்கிறவர். என் வயதுதான். ஓணத்துக்கு முன்னால் லாட்ஜுக்கு வெள்ளையடித்து, ஜன்னல்களுக்குப் பச்சை பெயின்ட் அடிப்பது வழக்கம். அந்த வருஷம் பெயின்ட் கொஞ்சம் மிச்சமாயிற்று. என்னிடம் முகப்பில் நிறம் உதிர்ந்த வெள்ளைக் கொரோனா ஒன்று உண்டு. தினம் துடைக்கும்போது அந்த இடத்தை விரலால் தடவிப் பெருமூச்சு விடுவேன். சுகுமாரன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

ஒருநாள் காலையில் வருகிறேன், அலமாரியில் கொரோனா பச்சையாக நிற்கிறது. ஜன்னலின் அதே பச்சை. நம் தொழில் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொள்வீர்கள். பாதி நிறம் உதிர்ந்திருந்தாலும் பிறந்த நிறத்தோடு இருக்கிற வண்டிக்குத்தான் மதிப்பு. மேலே பூசினால் போயிற்று, தின்னர் போட்டால் பூசியதோடு பழையதும் போய்விடும். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அப்புறம்தான் கவனித்தேன். கண்ணாடியில் ஒரு துளி படாமல் காகிதம் ஒட்டி அடித்திருக்கிறார். சக்கரத்தின் குமிழைக்கூடத் தொடவில்லை. இரண்டு கை பூச்சு. திறந்த வாயை மூடிக்கொண்டு, நன்றாக இருக்கிறது சுகுமாரா என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் எனக்குப் பிடித்த பொய் அதுதான். அதை நடுத்தட்டிலேயே வைத்தேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன், அடுத்த வார்த்தை வரும்வரை:

"மத்ததும் ஓரோண்ணா தா சாமி, ஓணத்துக்கு முன்னே எல்லாம் புதுசாக்கித் தராம்."

வண்டிக்கு லீவு

எங்கள் ஊரில் நவராத்திரி அஷ்டமி சாயங்காலம் புத்தகத்தையும் தொழில் கருவியையும் பூஜையில் வைத்தால், விஜயதசமி காலையில்தான் எடுக்கலாம். அதுவரை யாரும் தொடக்கூடாது. ஒரு வருஷம் லலிதா, "உங்க ஆயுதம் எதுன்னு ஊருக்கே தெரியுமே, அதைக் கொண்டாங்கோ" என்றாள். அலமாரியில் இருந்தவற்றில் நல்லதாக, பின்னால் கிடைத்த கறுப்புக் கிரவுன் உட்பட, நாலைந்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். குங்குமம் பெயின்டில் படக்கூடாது என்று கெஞ்சியதில், ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடித்தகட்டில் சந்தனப் பொட்டு வைத்தாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கவேண்டும் என்றாள். ஓர் எலுமிச்சம்பழம் என் கிரவுனைவிட உயரம். கடைசியில் எலுமிச்சை விதை வைத்துச் சமாளித்தோம்.

மறுநாள் நவமி. மத்தியானம் லாட்ஜில் காதர் என்று ஒருவர் வந்து இறங்கினார். மேலப்பாளையத்துக்காரர், வெளிநாட்டில் ஒரு வியாபாரிக்குக் கறுப்புக் கிரவுன் ஓட்டுகிறவர். மறுநாள் விடியற்காலை விமானம். அவர் பெட்டியில் என்ன இருந்தது தெரியுமா? நான் பல வருஷமாகத் தேடிய பழைய புளூபேர்டு கார், ஆகாய நீலம், வெள்ளைக் கூரை. காசு வேண்டாம், உங்களிடம் கறுப்புக் கிரவுன் ஒன்று இருப்பதாக ஷம்சு சொன்னான், அதைக் கொடுங்கள், என் அறையில் வைத்துக்கொள்கிறேன் என்றார். கறுப்புக் கிரவுன் பூஜையில் இருந்தது.

ஸ்ரீவராகத்துக்கு ஓடினேன். லலிதா பூஜை அறை வாசலில் உட்கார்ந்து பூ தொடுத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கெஞ்சினேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சரஸ்வதி படிச்சு முடிக்கட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்" என்றாள். செட்டியார் பொம்மையைக் கொடுத்தவளிடம் நான் எந்த வாயோடு சண்டை போடுவது? வெறும் கையோடு திரும்பி வந்து காதரிடம் உள்ளதைச் சொன்னேன். புளூபேர்டு போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவரோ அதை என் மேஜை மேல் வைத்து, என் பக்கம் உருட்டிவிட்டார். பூஜை முடிந்ததும் ஷம்சு மூலம் கிரவுனை அனுப்பினால் போதும் என்றார். அந்த மனுஷனுக்கு நான் யார், எனக்கு அவர் யார்? சொன்னபடி அனுப்பினேன் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. போகும்போது அவர் சொன்னது:

"நான் ஓட்டுற கிரவுனுக்கு வருசத்துல ஒரு நாள் லீவு கிடையாது சாமி, உங்க கிரவுனுக்கு ரெண்டு நாள் லீவா? குடுத்து வச்ச வண்டி வே அது!"

மதராஸ்காரர் கொடுத்த சான்று

மதராஸிலிருந்து ஒரு பாங்கு ஆபீசர் வந்து தங்கினார். நம்மைப் போன்ற ஒரு நோயாளி என்று அவர் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தபோதே தெரிந்துவிட்டது. தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே அலமாரியைப் பார்க்க ஆரம்பித்தார். புளூபேர்டு வந்ததும் பேச்சு நின்றது. பப்ளிகாவைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார், ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பச்சைக் கொரோனாவைப் பார்த்து என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணைக் காட்டினேன், சுகுமாரன் பக்கத்தில் நின்றிருந்தார். மதராஸ்காரர் நல்ல மனுஷர், "அபூர்வமான கலர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அறையைக் காலி செய்யும்போது முதலாளி இருந்தார். தங்கியது சௌகரியமாக இருந்ததா என்று கேட்டார். நான் வெளியே பார்ப்பதுபோல நின்றுகொண்டேன், காது மட்டும் உள்ளே. மதராஸ்காரர் சொன்னார்:

"ராத்திரி கொசு, காலையில குழாயில தண்ணி இல்ல, காபி வாயில வைக்க முடியல, அடுத்த மாசம் என் சிநேகிதங்க நாலு பேரோட வரேன், ரூம் போட்டு வைங்க."

டி.வி. வந்த நாள்

அப்படியும் முதலாளி மனம் இளகவில்லை. ஊரில் கலர் டி.வி. வந்துவிட்டது. பக்கத்து லாட்ஜுகளில் எல்லாம் வரவேற்பறையில் டி.வி. வைத்துவிட்டார்கள். ஒருநாள் காலையில் முதலாளி வந்து என் மேஜை முன்னால் நின்றார். "சாமி, ஈ சுவரு எனக்கு வேணும். அலமாரியை இன்னிக்கே எறக்கிடு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன். மெதுவாகச் சொன்னார். டி.வி. வாங்கப் பழவங்காடிக்குக் கிளம்பிப் போனார். நான் பழைய வேட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்து, ஒவ்வொரு வண்டியாகச் சுற்ற ஆரம்பித்தேன். சுகுமாரன் அட்டைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கே கொண்டுபோவது என்று எனக்குத் தெரியவில்லை. மேல்தட்டு காலியானதும் அந்த இடத்துச் சுவர் வெளுப்பாகத் தெரிந்தது. அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மத்தியானம் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. முதலாளியின் கார் ஒர்க் ஷாப்பில் இருந்ததால் ஆட்டோவில் வந்திருந்தார். மடியில் டி.வி. பெட்டி. முகம் சரியில்லை. ஆட்டோக்காரர் பெட்டியை ஒரு கை பிடித்து உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டு, நியாயம் கேட்பதுபோல என்னிடம் திரும்பினார். "ஏலியம்மா டூரிஸ்ட் ஹோம், ஏலியம்மா டூரிஸ்ட் ஹோம்னு பறஞ்சா ஆருக்கறியாம் சாமி? வழி கேட்டா, பேரு சொன்னா போறும், ஊருக்கே தெரியும்னு இவரு பிடிவாதம். தம்பானூர் முழுக்க ரெண்டு வட்டம் சுத்தினேன். அந்த ஸ்டாண்டுல ஒருத்தனுக்கும் தெரியல்லே. குட்டிக் கார் லாட்ஜுன்னு முதல்லயே பறயண்டே?" என்றார். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. தம்பானூர் முழுக்க என் கார்களின் பெயர் ஓடுகிறது! அடுத்த கணமே பயம் பிடித்துக்கொண்டது. முதலாளி தன் தாயார் பெயரை இரண்டு ஆள் உயரத்துக்கு எழுதி, அதற்குத் தனியாக ட்யூப்லைட் போட்டு வைத்திருக்கிறவர். அந்தப் பெயர் ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை என்று இன்றைக்கு அவர் காதிலேயே விழுந்திருக்கிறது. அதற்குக் காரணம் என் அலமாரி. இனி சுவர் மட்டுமல்ல, வேலையும் போயிற்று என்று நினைத்து, மிச்சமிருந்த வண்டிகளை வேகமாகச் சுற்ற ஆரம்பித்தேன்.

முதலாளி விருந்தாளிகள் உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்தார். டி.வி. பெட்டியைப் பிரிக்கவில்லை. நான் சுற்றி வைத்ததில் ஒன்றை எடுத்துத் துணியைப் பிரித்தார். என் முதல் வண்டி, இளம்பச்சைக் கிரவுன். இத்தனை வருஷத்தில் அவர் என் வண்டி ஒன்றைக் கையில் எடுத்தது அதுதான் முதல் தடவை. கனத்தில் அவர் கையும் ஒரு கணம் தாழ்ந்தது. பின் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் எழுந்து, தாமே அதை மேல்தட்டில் வைத்து, சுகுமாரனைக் கூப்பிட்டு டி.வி.யைச் சாப்பாட்டுக் கூடத்தில் வைக்கச் சொன்னார். போர்டு எழுதுகிற ஆளை நாளைக்கு வரச் சொல்லவேண்டும் என்றார். பெயரை மாற்றப்போகிறாரோ என்று பதறிப்போய் ஏன் என்று கேட்டேன். என்னைப் பார்க்காமல் கிரவுனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எனிக்கு கார் வந்நப்போ அம்மச்சி போயாச்சு சாமி, ஒரு கார்லயும் ஏறியதில்லா. போர்டுல அம்மச்சி பேருக்கு அடுத்து ஒரு கார் வரையச் சொல்லு, எது ஆனாலும் மதி, பின்சீட்டுல அம்மச்சிக்கு இருக்க ஸ்தலம் வேணும்."

ஆக, அலமாரி நிறைய ஜப்பான் கார் நிறுத்தி, ஒரு லாட்ஜுக்கு ஊரில் பெயர் வாங்கிக் கொடுத்து, கடைசியில் அதன் போர்டிலேயே ஒரு கிரவுனை ஏற்றிய எனக்கு இன்றுவரை சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது என்பதை யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியமும் வரவில்லை.